அன்புக்கரசி கேட்ட நியாயம்

மாலையில் ஜெனரல் ஷிப்ட் பேருந்துகள் திரும்பும் நேரத்தில், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய அந்தச் சின்ன மருத்துவமனையில் கூட்டம் நெரியும். அன்று வந்தவர்களில் பவித்ராவும் ஒருத்தி. மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. நர்ஸ் அன்புக்கரசி கேட்டதற்கெல்லாம் அவள் கணவன் சிலம்பரசனே பதில் சொன்னான். அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"துணி தொவைக்கிற எடத்துல வழுக்கி வுழுந்துட்டா சிஸ்டர். பாத்து நடன்னா எங்க கேக்குறா!"

போன மாதம் உதடு கிழிந்து தையல் போட வந்தபோது, பவித்ரா அன்புக்கரசியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள். அநியாயத்தைக் கேட்டுவிட்டு அன்புக்கரசிக்கு வாய் சும்மா இருக்குமா? சிலம்பரசனை வராந்தாவில் நிற்கவைத்து, "உம் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா. இன்னொரு தரம் கை வச்ச, தெரியும் சேதி!" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். ஒரு குடும்பத்தைச் சீர்செய்துவிட்ட திருப்தியில் அவள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

எக்ஸ்ரே அறைக்குள் கூட வந்தவர்களை விடுவதில்லை. சிலம்பரசன் வெளியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. கதவைச் சாத்தியதும் அன்புக்கரசி குரலைத் தாழ்த்தினாள்.

"நெசத்த சொல்லும்மா. அவன்தானே?"

"வழுக்கித்தான் வுழுந்தேன் சிஸ்டர்."

"எங்கிட்ட என்னம்மா பயம்?"

"உங்ககிட்டதான் பயம்." பவித்ராவின் குரலில் கோபம்கூட இல்லை. "அன்னிக்கி உங்கள நம்பிச் சொன்னேன். நீங்க அவருகிட்டயே சொல்லிட்டீங்க. வெளிய போயி எம்மானத்த வாங்குறியான்னு கேட்டுக்கினே அடிச்சாரு. அன்னியிலேர்ந்து தெனம் அதான் பேச்சு. இன்னிக்கி கைய முறுக்கிட்டாரு."

 அன்புக்கரசிக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, இதுவரை எந்தப் பெண்ணிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"தப்பு எம்மேலதாம்மா. இப்ப நான் என்னா செய்யணும், நீயே சொல்லு."

பவித்ரா யோசித்தாள். "இன்னிக்கி அந்த வூட்டுக்கு அனுப்பாதீங்க. குறிஞ்சிப்பாடியில அண்ணன் இருக்காரு. அவரு வர்ற வரைக்கும் இங்கியே இருக்கேன்."

டாக்டரும் சம்மதித்தார். அண்ணனிடம் போனில் பவித்ராவே பேசினாள். பெண்கள் உதவி எண் 181ஐப் பற்றி அன்புக்கரசி சொன்னதும் அதற்கும் அவளே பேசினாள். அன்புக்கரசி கதவருகே காவல் நின்றாள்.

"என்னா சொன்னா?" வெளியே வந்த அன்புக்கரசியிடம் சிலம்பரசன் கேட்டான்.

"வலியில இருக்காங்க, ஒண்ணும் பேசல. டாக்டர் தங்கச் சொல்லிட்டாரு."

அன்று அவனுக்கு நைட் ஷிப்ட். முணுமுணுத்தபடி வண்டியை எடுக்கப் போனான். விஷயம் தெரிந்த இன்னொரு நர்ஸ் கண்ணகிக்குப் பொறுக்கவில்லை.

"என்னாக்கா சும்மா வுடுறீங்க? நான் போயி நாலு கேள்வி கேக்குறேன்."

அன்புக்கரசி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் கண்ணகி. கேள்விய கேட்டுட்டு நாம டூட்டி முடிஞ்சி வூட்டுக்குப் போயிடுவோம். அதுக்கு அடி வாங்குறவ அவதான். அவளுக்கு என்னா வேணும்னு மொதல்ல அவளத்தான் கேக்கணும்."