ஆள் எண்ணும் நாளில் பாராட்டு விழா

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. அன்னூரிலிருந்து காந்திபுரம் வரும் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. பின் சீட்டில் இரண்டு பெண்கள். திரும்பினால் பேச்சு நின்றுவிடுமென்று கழுத்தை அசைக்காமல் வந்தேன். எழுபத்திரண்டு வயதுக் கழுத்துக்கு அது பெரிய தியாகம். ஆகவே என்னிடம் குரல்கள்தான் உண்டு. முகங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

"யோகராணி, திங்கக்கெழம உனக்குப் பாராட்டு விழாவாமா. சூப்பர்வைசர்னு மேடையிலயே சொல்றாங்களாமா."

"அன்னிக்கு எங்க முகாம்ல ஆள் எண்ற நாளுங்க, மெர்சிக்கா.* காலையில ஆபீஸ்ல அதத்தான் சொல்லிப்போட்டு வாரேன்."

(* மாதம் ஒரு நாள் அதிகாரி வந்து இலங்கை அகதிகளை எண்ணுவார். இல்லாதவர் பெயர்மேல் கோடு விழும், உதவித்தொகை நிற்கும். கோட்டை அழிக்க ஏழு கையெழுத்து வேண்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் கடந்து கண்ணீரோடு வந்த யோகராணி…"

அடித்துவிட்டேன். அவள் பிறந்ததே முகாமில்தான். கடலைப் பார்த்தது ஒரே தடவை, கம்பெனி டூரில்.

அடுத்து: "அகதிகளின் பொருளாதார முன்னேற்றத்தில் தொழில் நிறுவனங்களின் பங்கு…"

இது கதையல்ல, விழா பேனர். அதையும் அடித்தேன். (பேனர் பின்னால் வரும்.)

3

கம்பெனி, கிரைண்டர் செய்யும் கம்பெனி. முதலாளியம்மா ராமாமணியை வில்லியாக்கப் பார்த்தேன். எழுதுகிறவளுக்கு அது சௌகரியம். மெர்சி விடவில்லை. முகாம்காரர்களுக்கு யாருமே வேலை தராத நாளில், முகாம் அட்டை போதுமென்று பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டவராம் அவர்.

ஆனால் கம்பெனியில் ஒரு விதி இருந்தது: மாதம் ஒரு நாளும் தவறாமல் வருகிறவர்களுக்கே பதவி உயர்வு. கிரைண்டர் ஓடும் சத்தத்திலேயே எந்த பேரிங் கெட்டதென்று சொல்லிவிடும் யோகராணி, ஒன்பது வருடமாக மாதம் ஒரு நாள் வருவதில்லை. இந்த ஒரு தடவை விதியைத் தளர்த்தி, அவளைக் கௌரவிக்க நாள் குறித்தார்கள். குறித்த நாள்தான் உங்களுக்குத் தெரியுமே.

4

மேனேஜர் நஞ்சப்பன் சொன்னாராம்: "ஏனம்மிணி, தங்கச்சிய நிக்க வெச்சுப்போட்டு வந்துரு."

"தங்கச்சி அவ பேருக்கு நிக்கோணுங்க."

"தேதிய மாத்தச் சொல்லிக் கேக்கறது?"

"விழாத் தேதியவா, எண்ற தேதியவாங்க?"

"பேனர் அடிச்சாச்சு, அம்மிணி."

ராமாமணி குறுக்கிட்டார். "இத்தன வருசமா ஏங் கண்ணு சொல்லல?"

"மாசாமாசம் லீவு லெட்டர்ல எழுதறனுங்க. இது நூத்தியெட்டாவது லெட்டரு."

நஞ்சப்பன் மின்விசிறியைப் பார்த்தார். (இது நான் சேர்த்தது. அவர் வேறெதைப் பார்த்திருப்பார்?)

சுவரில் லீவுப் பட்டியல் தொங்கியது. காரமடைத் தேர். ஆடிப்பெருக்கு. முதலாளியம்மா பேரன் யஷ்வந்த் மொட்டைக்கு அரை நாள். ஆயுத பூஜை, இரண்டு நாள்.

"பொன்னாடை வேண்டாமுங்க. அந்தப் பட்டியல்ல எங்களுக்கும் ஒரு வரி போட்டாப் போதும்."

"சம்பளத்தோடயா?" என்றார் நஞ்சப்பன்.

"தேருக்கு எப்படியோ, அப்படிங்க."

5

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். விழாவை முகாமிலேயே வைக்கிறார்கள். அவசரத்தில் அதிகாரி நஞ்சப்பனையும் அகதியாக எண்ணிவிடுகிறார். அவரை மீட்க ஏழு கையெழுத்து. எழுதும்போதே சிரித்தேன். பின் சீட்டு யோகராணியின் குரல் என் தலைக்குள் கேட்டது: "அவருக்கு ஏழோட முடிஞ்சுருமுங்க." அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் ராமாமணி கண்கலங்கி… வேண்டாம். அவர் அழுதால் பட்டியலில் வரி ஏறிவிடுமா?

6

பஸ்ஸில் கடைசியாகக் கேட்டது இது:

"அப்புறம் மொதலாளியம்மா என்ன சொன்னாங்க?"

"எந்திரிச்சுப் பட்டியல்கிட்டப் போனாங்க. பேனாவத் தொறந்தாங்க…"

காந்திபுரம் வந்துவிட்டது. கூட்டம் இறங்கிய சத்தத்தில் மீதி போயிற்று. கழுத்தைத் திருப்பியபோது சீட் காலி.

என் கதையில் ராமாமணி இன்னும் பேனாவோடு நிற்கிறார். எனக்குக் கம்பெனி கிடையாது. சமையலறையில் ஒரு காலண்டர், அதில் பால் குறிப்பு. உங்களுக்குக் கம்பெனி இருந்தால் அங்கும் ஒரு பட்டியல் தொங்கும். ஆயுத பூஜைக்குக் கீழே இடம் இருக்கிறதா பாருங்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.