முன்விளக்கில் அப்பிய சந்தனம்

எல்லாரும் சௌக்கியமா? ஐப்பசி மழையில் சளி, இருமல் என்று யாரும் படுத்துவிடவில்லையே? எனக்கு முட்டுவலி மட்டும்தான், விரலுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்று நாலில், ஆயுத பூஜை அன்று நடந்தது. எங்கள் பியட் காரைக் கழுவி மாலை போட்டு, முன்விளக்கு இரண்டிலும் நான்தான் சந்தனம் வைத்தேன். பொட்டு அளவா? தோசைக்கரண்டி அகலத்துக்கு! நடுவில் குங்குமம் வேறு.

"போதும்ளா வேணி, காருக்கென்ன கல்யாணமா நடக்கு?" என்று என் வீட்டுக்காரர் குமரகுருபரன் சிரித்தார்.

சாயங்காலம் ஆழ்வார்திருநகரிக்கு, நாத்தனார் வீட்டுக்குப் பொரி, சுண்டல் கொண்டுபோனோம். திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. கருங்குளம் தாண்டி இரண்டு பக்கமும் வாழை.

"என்னளா, லைட்டு இப்படி மங்கிக் கெடக்கு? பேட்டரி போயிட்டோ?"

"பைய போங்க" என்று சொல்லி நான் வாய் மூடவில்லை. டமார்!

இறங்கினால் ரோடெல்லாம் பொரி. எங்களுடையது இல்லை. ஓரத்தில் ஒருவன் நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நசுங்கிய சைக்கிள். இவருக்கோ வாய் அடங்கவில்லை.

"ஏலே, வெளக்கும் இல்ல, பின்னால வெளிச்சம் பட்டா மின்னுத செவப்பு வில்லையும் இல்ல. இருட்டுக்குள்ள உன்னை எப்படிலே பாக்க?"

"வில்லை இருக்கு அண்ணாச்சி. புதுசு, நானே மாட்டுனது. சைக்கிள் கடையிலதான் வேல பாக்கேன்" என்று முனகினான். பேர் வன்னியராஜ் என்றான்.

இவர் தீக்குச்சி கிழித்து, பின்சக்கரத்துக்கு மேலே காட்டினார். வில்லை இருந்தது. அதை முழுக்க மூடிச் சந்தனம், குங்குமம். அவன் கடையிலும் பூஜை!

திரும்பி எங்கள் காரைப் பார்த்தேன். விளக்குச் சூட்டில் காய்ந்து ஒட்டிய சந்தனத்தில் என் மூன்று விரல் தடம் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக வெளிச்சம் கசிந்தது.

அவனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். "வடிவு... வடிவு..." என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அடிபட்டதுல என்னமோ புலம்புதான். ஏறுளா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." இவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, இதத் தொடச்சிட்டு வாரேன்."

முந்தானையால் தேய்த்தேன், வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் பெயர்ந்ததும் வெளிச்சம் ரோட்டில் பாய்ந்தது. பத்தடி தள்ளி, சக்கரத்துக்கு நேராக, கருநீலச் சேலை கட்டிய ஒருத்தி குப்புறக் கிடந்தாள்.

கேரியரில் உட்கார்ந்து வந்த அவன் பெண்டாட்டி, வடிவம்மாள்.

நான் போட்ட கூச்சலில் இவர் இறங்கி ஓடிவந்தார். அவளைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்துத்தான் அவள் கண் திறந்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் இவர், "சைக்கிள்ல வெளக்கு இல்ல சார்" என்று ஆரம்பித்தார்.

"நமக்கு மட்டும் இருந்துச்சாக்கும்? மூடி வச்சது நாந்தான், எழுதிக்கிடுங்க" என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உங்கள் வீட்டில் பூஜை முடிந்ததும் விளக்கைத் துடைத்துவிட்டா வண்டியை எடுக்கிறீர்கள்? இருட்டில் ஒரு சைக்கிள்காரரைக் கிட்டே வந்தபிறகுதான் பார்த்துப் பதறியிருக்கிறீர்களா? நடந்ததை ஒளிக்காமல் எனக்கு எழுதுங்கள்.