ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு போலிங்

"குற்றவாளி. ஏகமனதாக!"

ஜூரித் தலைவர் ஏலம் முடிப்பவர் போல உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியுலகில் அவர் மருந்துக்கடைக்காரர். இரண்டு நாளாகக் கடை பூட்டிக் கிடக்கும் எரிச்சல் முகத்தில் அப்பிக் கிடந்தது.

ஒன்பதாம் நாற்காலியில் இருந்த கண்டக்டரம்மாவுக்குக் காது அடைத்தது. ஏகமனதா? யாருடைய மனது?

கூண்டில் நின்ற எழுத்தர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பார்வையாளர் பெஞ்சில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தீர்ப்பு நின்றால் ஏழு வருஷம் ஜெயில்.

வழக்கு இதுதான். வாக்குச்சாவடியில் பட்டியலை வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட வந்தவர் பெயருக்கு நேரே டிக் அடிப்பது எழுத்தரின் வேலை. கடைசி நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்த ஒருவரிடம், "உங்க ஓட்டுதான் விழுந்தாச்சே!" என்று சொன்னதில் குட்டு வெளிப்பட்டது. தோண்டினால், வராத நாற்பத்தொரு பேருக்கு டிக். பெட்டிக்குள்ளும் அத்தனை ஓட்டு அதிகம். 'போலி போலிங்' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டுத் தீர்த்தன.

"சாப்பிட அரை மணி நேரம் எழுந்து போனேன். சாவடி அதிகாரிதான் போகச் சொன்னார். பட்டியல் அவர் கையில இருந்தது" என்றார் எழுத்தர். அதிகாரி சாட்சிக் கூண்டேறி, அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று சத்தியம் செய்தார்.

ஆனால் எழுத்தர் இடது கைக்காரர். அவருடைய டிக்கின் வால் இடப்பக்கம் நீளும். அந்த நாற்பத்தொன்றின் வால் மட்டும் வலப்பக்கம் நீண்டிருந்தது.

ஜூரி அறையில் கண்டக்டரம்மா இதைத்தான் இரண்டு நாளாகச் சொன்னாள்.

"இந்த வாலைப் பாருங்க சார்."

"வாலா? அம்மா, நாம தீர்ப்பு சொல்ல வந்திருக்கோம், குரங்கு பிடிக்க வரல" என்றார் தலைவர். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு.

"சிரிங்க, சிரிங்க. உள்ள போகப்போறது உங்க வீட்டு ஆளு இல்லையே."

"டிக்கெட் இல்லாம ஏறினா நடு ரோட்டுல இறக்கி விடுறவங்க நீங்க. இந்த ஆள் மேல மட்டும் என்ன கரிசனம்?"

"டிக்கெட் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் சார் இறக்குவேன்!"

தலை விண் விண்ணென்று தெறித்தது. முகம் கழுவி வரலாம் என்று எழுந்து போனாள். ஐந்தே நிமிடம். திரும்பி வந்தபோது தலைவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது. கெளம்புங்க."

"என்ன முடிஞ்சுது? என்னைக் கேக்கவே இல்லையே?"

"மறுப்பு இருக்கறவங்க கையைத் தூக்குங்கன்னேன். ஒருத்தரும் தூக்கல. ஆக, பன்னெண்டு பேருக்கும் சரி."

"நான் ரூம்லயே இல்ல!"

"அதுக்கு நான் என்ன பண்ண?" குரலைத் தாழ்த்தினார். "கோர்ட்டுல தலைவர் மட்டும்தான் பேசணும். நடுவுல வாயைத் திறந்தீங்க, கோர்ட் அவமதிப்பு. அப்புறம் பஸ்ல ஏறலாம், பயணியா."

அதற்குள் டவாலி கதவைத் திறந்துவிட்டான்.

இப்போது இங்கே, தலைவர் 'ஏகமனதாக' என்றதும் எழுத்தரின் வக்கீல் எழுந்தாள். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கனம் நீதிபதி அவர்களே, ஜூரியைப் போலிங் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மறுபடியும் எலக்‌ஷனா? கள்ள ஓட்டுக்கு ஆள் ரெடியா?"

கொல்லென்று சிரிப்பு. நீதிபதி சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தேர்தல் போலிங் வேறு, இது வேறு. அங்கே ஓட்டு ரகசியம். இங்கே ஜூரியில் ஒவ்வொருவரையும் பார்த்து, 'இது உங்கள் தீர்ப்பா?' என்று கேட்போம். அவரவர் வாயால், எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் இல்லை என்றாலும் இந்தத் தீர்ப்பு செல்லாது."

கண்டக்டரம்மா நிமிர்ந்தாள். பேசவே கூடாது என்றானே, படுபாவி!

மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அதான் எல்லாருக்கும் சேர்த்து நானே சொல்லிட்டேனே, ஐயா?"

"உங்களுக்கு ஒரு வாய்தான். உட்காருங்கள்."

கோர்ட் குமாஸ்தா தாளை எடுத்தார்.

"எண் ஒன்று. இது உங்கள் தீர்ப்பா?"

"ஆமாம்" என்றார் தலைவர், பல்லைக் கடித்தபடி.

"எண் இரண்டு?"

"ஆமாம்."

மூன்று, ஆமாம். நான்கு எச்சில் விழுங்கிவிட்டு, ஆமாம். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மளமளவென்று ஆமாம், ஆமாம்.

"எண் ஒன்பது. இது உங்கள் தீர்ப்பா?"

எழுந்தாள். தலைவர் கழுத்தைத் திருப்பி அவளை முறைத்தார். அந்த முறைப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட் வரை எட்டும் குரல் அது.

"இல்லை!"

தலைவரை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஓட்டுப் போட வராதவங்களுக்கு டிக் அடிச்சதா சொல்லி அந்த மனுஷனுக்கு ஏழு வருஷம். நான் ரூம்ல இல்லாதப்ப எனக்கு டிக் அடிச்ச இவருக்கு எத்தனை வருஷம்ங்க?"

"அம்மா, ஆமாம் அல்லது இல்லை. அது போதும்" என்றார் நீதிபதி. ஆனால் அவர் பார்வை தலைவர் மேல் நிலைத்திருந்தது. அதில் ஈரமே இல்லை.

"எண் பத்து?"

இரண்டு நாளாக வாயே திறக்காத நூலகர். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இல்லை" என்றார்.

பதினொன்றும் பன்னிரண்டும் ஆமாம் போட்டன. பிரயோஜனமில்லை. நீதிபதி காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

"இதை ஏற்க முடியாது. திரும்பப் போய்ப் பேசுங்கள். எல்லோரும் அறையில் இருக்கும்போது."

அறைக் கதவு மூடியதும் தலைவர் வெடித்தார். "மானத்தை வாங்கிட்டியே!"

"'வாங்கிட்டியே'வா? மரியாதை எங்க போச்சு? கையைத் தூக்கற வேலையெல்லாம் இனி கிடையாது. ஒவ்வொருத்தரா, வாயால சொல்லுங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

பட்டியல் மேஜை நடுவே விரிந்தது. நான்காம் எண், பாத்திரக்கடைப் பெண், வால்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "அந்தம்மா சொன்னது சரிதான். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு ஆமாம்னுட்டேன். தப்பு."

மூன்று மணி நேரம் கழித்தும் ஒன்பது பேர் ஒரு பக்கம், மூணு பேர் இந்தப் பக்கம். இம்மியும் நகரவில்லை. இந்த முறை கோர்ட்டில் தலைவர் முணுமுணுத்தது முதல் பெஞ்சுக்கே கேட்கவில்லை: "ஒத்துவரலை."

நீதிபதி ஜூரியைக் கலைத்தார். வேறு ஜூரியோடு வழக்கு மறுபடி நடக்கும். அதுவரை எழுத்தர் ஜாமீனில் இருக்கலாம்.

வாசலில் எழுத்தரின் மனைவி ஓடி வந்து கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி..."

"நன்றி எதுக்கு? என்ன கிழிச்சுட்டேன் நான்? தள்ளித்தான் போட்டிருக்கு. திரும்பக் கூப்பிடுவாங்க. திரும்பக் கூண்டுல ஏத்துவாங்க."

எழுத்தர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "அந்த அதிகாரியை மட்டும் யாரும் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேக்கலையேம்மா?"

"நீங்க கேட்டீங்களா?"

"நானா?"

"பின்ன நானா? அவர் உங்களை எழுந்து போகச் சொன்ன நேரம், பட்டியலை வாங்கின நேரம், எல்லாத்தையும் எழுதிப் புகார் குடுத்தீங்களா?"

"பயமா இருந்துச்சு."

"ஏழு வருஷம் உள்ள இருக்கப் பயமா இல்லையா?" கத்தியே விட்டாள். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வக்கீல் அப்போதுதான் மூக்கைச் சிந்தியபடி வெளியே வந்தாள். கண்டக்டரம்மா குறுக்கே போய் நின்றாள்.

"வக்கீலம்மா, இவர் புகார் எழுதணுமாம். பேனா குடுங்க."

எழுத்தர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.