சப்பாத்துக்கு நூல்

"என்னத்த தைக்கணும், தங்கச்சி?" என்று நாகூர் மீரான் மூன்றாவது முறை கேட்டபோதுதான் முரியலின் காதில் விழுந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் அவர் கடையில் இல்லாத நூல் கிடையாது. அதுதான் வினை. அலமாரி நிறைய நூற்கண்டுகள், எதைக் காட்டுவது?

"சப்பாத்து, பாய். அடி வாயப் பொளந்துகிச்சு. அப்பாவோடது."

"வெளியில போட்டுக்கிட்டுப் போவாரா? மழையில நனையுமா?"

அப்பா காப்ரியல் நேற்று மாலை செத்துப்போய், தோட்டத்து லயத்து வீட்டில் பெட்டிக்குள் வெறுங்காலோடு கிடக்கிறார். தங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்தைப் போடாமல் பெட்டியை மூட விடமாட்டேன் என்று அம்மா ரோசரி அடம்பிடிக்கிறாள். நாலு மணிக்குப் பாதிரியார் வந்துவிடுவார். நனையுமா, நனையாதா? எண்பத்து மூன்றாம் வருஷ நவம்பர் மழை. தோண்டி வைத்த குழியிலேயே தண்ணீர் ஊறுகிறதாம்.

"நனையும்," என்றாள்.

"அப்ப பருத்தி வேணாம்லா, ஈரத்துல இத்துப்போவும். நைலோன் எடு. துணி ஊசி தோலுல வளைஞ்சிடும். இந்த முக்கோண முனைதான் எறங்கும். நூலை மெழுகுல ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தை." பொட்டலத்தை நீட்டினார். "அப்பாகிட்ட சொல்லு, அடி தேஞ்சாலும் தையல் பிரியாதுன்னு."

"சொல்றேன் பாய்," என்றது வாய். சைக்கிளில் பாதி தூரம் போன பிறகுதான் சொன்னது உறைத்தது.

வீட்டில் மெழுகு என்று இருந்தது அப்பாவின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவத்திதான். அதன் அடியில் நூலை வைத்து இழுத்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவளுக்கே விளங்கவில்லை, இத்தனை கெட்டி எதற்கென்று. ஆனாலும் தையலுக்குத் தையல் இறுக்கினாள்.

தைத்த சப்பாத்தைச் சித்தப்பா பெர்னாட் மாட்டிப் பார்த்தார். ஏறவில்லை. கால் வீங்கியிருந்தது.

"பின்னால கிழிச்சாத்தான் ஏறும்." கத்தியால் சப்பாத்தின் பின்பக்கத்தைப் பிளந்து மாட்டிவிட்டார். "விடு புள்ள, பெட்டிக்குள்ள யாரு பார்க்கப் போறா?"

ரோசரி அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூலு மிச்சம் இருக்காடி?"

இருந்தது. அம்மா குதிகாலைத் தூக்கிப் பிடிக்க, முரியல் கால்மாட்டில் மண்டியிட்டாள். வெளியே செம்மண் சாலையில் பாதிரியாரின் கார் வந்து நின்றது.

"சீக்கிரம்லா," என்றார் சித்தப்பா.

முரியல் நிமிரவில்லை. முனை அப்பாவின் காலில் குத்திவிடாதபடி தன் இடதுகை விரலைத் தோலுக்கும் காலுக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு, ஊசியை இறக்கினாள்.