பேரம் பேசாத புஷைப்

"சரி" என்றான் புஷைப்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கடைக்காரன் லார்பி, விலை சொன்ன லேப்டாப்பைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கசாபிளாங்காவின் தெர்ப் கல்லெஃப் சந்தையில் முதல் விலை என்பது விலையே அல்ல; உட்கார்ந்து பேச விரிக்கிற பாய். லார்பி ஆயிரத்து எண்ணூறு திர்ஹம் என்றால், எதிராளி நெஞ்சில் கைவைத்து, பிள்ளைகுட்டிகளை நினைத்துப் பெருமூச்சு விட்டு, கடையைவிட்டு இரண்டு தடவை இறங்கிப் போய்த் திரும்பி, ஆயிரத்து இருநூறில் வந்து நிற்க வேண்டும். அதுதான் மரியாதை. பழைய லேப்டாப்பைச் சொன்ன விலைக்கே கேட்கிறவன் ஒன்று ஊருக்குப் புதியவன், இல்லை திருடன். புஷைப்போ பதினைந்து வருஷமாக எதிர்க்கடைக்காரன்.

அதுவும் லினக்ஸ் போட்ட லேப்டாப். மூடியில் அதன் சின்னமான பெங்குவின் ஸ்டிக்கர் வேறு. ஓசியில் கிடைக்கிற சிஸ்டமும் ஓசியில் கிடைக்கிற புத்திமதியும் ஒன்று, இரண்டும் வேலைக்காகாது என்று தினம் தேநீர்க் கடையில் லார்பியை வாருகிறவன் இந்த புஷைப்தான். விண்டோஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். 'உன் விண்டோஸை மட்டும் நீ காசு கொடுத்தா வாங்கினே?' என்று லார்பி திருப்பிக் கேட்டால்தான் அவனுக்குத் தேநீர் புரையேறும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான், லார்பியின் கடைக் குப்பையில் கிடந்த ஒரு கனத்த கீபோர்டை, கண்ணாடி போட்ட ஒருத்தன் பேரமே பேசாமல் நாற்பது திர்ஹமுக்கு வாங்கிப் போனான். அது பழம்பொருள் பித்தர்கள் தேடி அலைகிற சரக்கு, ஆயிரக்கணக்கில் விலைபோனது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து லார்பியின் கடையைத் தாண்டுகிறவனெல்லாம் நாக்கைத் தட்டி, அந்த கீபோர்டு மாதிரியே 'டக் டக்' என்பான். ஆரம்பித்து வைத்தவன் புஷைப். இன்னொரு தடவை ஏமாந்தால் சந்தையில் தலைகாட்ட முடியாது.

டிஸ்க்கில் கிடக்கிறதை அழித்துத் தருகிறேன், சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வா என்று லார்பி சாக்குச் சொன்னான்.

"பேப்பர்ல சுத்திக் குடு. யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்று குரலைத் தாழ்த்திவிட்டுப் போனான் புஷைப். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லார்பி திருகாணிகளைக் கழற்றினான். ராம் சில்லு, சாதா சில்லுதான். டிஸ்க்கில் யாரோ ஒரு வாத்தியாரின் பரீட்சைத் தாள்களும், அவர் மீன் பிடிக்கப் போன படங்களும். வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நன்றாக ஒளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கீபோர்டைத் தூக்கினான், ஆத்திரத்தில் கொஞ்சம் வேகமாகவே தூக்கிவிட்டான். அடியிலிருந்த பட்டை வயர் சரக்கென்று கிழிந்தது.

புஷைப் திரும்பி வந்தபோது லேப்டாப் குடல் உருவின கோழியாக மேஜைமேல் கிடந்தது.

"உண்மையைச் சொல்லு. இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றான் லார்பி.

"இருந்திருந்தா இந்நேரம் நீ எடுத்திருக்க மாட்டே?"

பிறகு புஷைப் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விஷயத்தைக் கக்கினான். மூத்த மகள் பொறியியல் கல்லூரியிலிருந்து லினக்ஸோடு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கையில், பாபா, லினக்ஸில் நீ எந்த வகை போடுவாய் என்று கேட்டுவிட்டாள். புஷைப் வாயில் பூசணித்துண்டோடு தலையை மட்டும் ஆட்டினானாம்.

"சந்தையிலயே பெரிய கம்ப்யூட்டர்காரன் நான்தான்னு நெனச்சிட்டிருக்காய்யா. அடுத்த வெள்ளிக்குள்ள கத்துக்கணும். இங்க நின்னு பேரம் பேசினா நாலு பேர் கூடிருவாங்க. புஷைப் பெங்குவின் வாங்குறான்னு ஊரே சிரிக்கும்."

லார்பிக்கு நம்பிக்கை வரவில்லை. கதை ரொம்ப நேர்த்தியாக இருந்தது. அதற்குள் புஷைப்பின் கண் கிழிந்த வயரில் விழுந்தது.

"இதென்ன, நரம்பு அறுந்து கெடக்கு? எழுநூறுக்கு மேல ஒரு சல்லி தரமாட்டேன்."

லார்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இப்பத்தான்யா நீ மனுஷன்" என்றான்.

அரைமணி நேரம் கிசுகிசுப்பாகவே பேரம் நடந்தது. புஷைப் முறைப்படி இரண்டு தடவை இறங்கிப் போனான். வேறு கீபோர்டு மாட்டி, ஸ்டிக்கரைச் சுரண்டி, தினம் ஒரு மணிநேரம் பாடமும் சேர்த்து, தொள்ளாயிரத்து ஐம்பதில் முடிந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றான் லார்பி. "அந்த 'டக் டக்' இன்னியோட நிக்கணும். இல்லேன்னா பெங்குவின் கதை தேநீர்க் கடைக்குப் போகும்."

"சரி" என்றான் புஷைப், யோசிக்காமல்.

பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறவனையே லார்பி பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு வருஷத்துக் கேலியை ஒரே சொல்லில் எவனாவது விட்டுக்கொடுப்பானா? குறைந்தது ஒருவாரத் தவணையாவது கேட்டிருக்க வேண்டாமா?

மறுபடியும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கழற்றிப்போட்ட அந்தப் பழைய கீபோர்டைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.