ஒனோதேரா கினுவே வளைத்த நாடா

ஜப்பானின் செண்டாய் நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் ஓர் உலோகக் கண்ணாடி நாடாவுக்கு வயதானபோது, அங்கே வேலை பார்த்த பதினான்கு பேருக்கும் இடுப்பு வளைவது நின்றுபோனது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் உலோகக் குழம்பைப் பீய்ச்சி அந்த நாடாவை வார்த்தவர் ஒனோதேரா கினுவே. கண்ணிமைக்கும் முன் குளிர்ந்துவிட்டதால், அணுக்களுக்கு வரிசையில் உட்கார நேரமில்லை. கண்ணாடியில் போலவே, நின்ற இடத்திலேயே உறைந்தன. பிறகு பெட்டிக்குள் கிடந்தபடியே ஒன்று நகர, பக்கத்திலிருந்தது இடம் கொடுக்க, சில நாள் ஒரு கூட்டமே சரிய, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. புதிதில் இரண்டாக மடித்தாலும் தாங்கிய நாடா, இப்போது லேசாக வளைத்தாலே விரிசல் காட்டியது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இது ஐந்தில் வளைந்து பதினொன்றில் விறைத்த ரகம்.

எங்கள் ஊரில் குனிந்து வணங்காமல் ஒரு வாசலைக் கடக்க முடியாது. விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். கூடத்தில் ஒருவருக்குப் பெண் தருவதாக இருந்த வீட்டார் பின்வாங்கினார்கள். எட்டு மாதம் பொறுத்த பேராசிரியர் சவகுச்சி, நாடாவை உலையில் போடச் சொன்னார்.

"அணுவெல்லாம் ஒழுங்கா வரிசைல உக்காந்துட்டா நம்ம தொல்லை தீந்துடும், ஒனோதேரா சான்."

"உக்காந்ததுங்க அப்புறம் எந்திரிக்காது, புரொபசர். நாமளும் சாகற வரைக்கும் கம்பமா நிக்க வேண்டியதுதான். நான் தர மாட்டேன்."

"எதுத்துப் பேசினதுக்கு மன்னிப்பு கேளுங்க."

"கேட்டாலும் குனிய முடியாதே. எப்படி நம்புவீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கினுவே அன்று மதியமே, எல்லோரும் பார்க்க, நாடாவைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து வெந்நீரில் விட்டார், மறுபடி முக்கினார். குளிரில் நாடாவின் ஓரிடம் அதிகம் சுருங்க, இன்னோரிடம் குறைவாகச் சுருங்க, அடங்கியிருந்த அணுக்கள் எழுந்து முண்டியடித்தன. முப்பதாவது முறை எடுத்து, பேராசிரியரின் மூக்குக்கு நேரே இரண்டாக மடித்தார். உடையவில்லை.

அப்போதே எல்லோருடைய இடுப்பும் இளகியது. எட்டு மாதமாகச் சேர்ந்திருந்த வணக்கங்கள் தீர மாலை ஆயிற்று. கினுவே எதிரே நின்றதால் அத்தனையும் அவருக்கே போயின. பேராசிரியர்தான் எல்லோரையும்விடத் தாழக் குனிந்தார். கினுவே நிமிர்ந்தே நின்றார்.

இப்போது ஒவ்வோர் ஏப்ரலிலும், புது மாணவர்கள் வருமுன், நாடாவை முப்பது முறை முக்குகிறார்கள். ஆண்டு முழுக்க எல்லோரும் நன்றாகக் குனிகிறார்கள். கினுவே அந்த நாடாவுக்கு மட்டும் குனிகிறார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கிதான்; யாரும் அதை நினைவூட்டுவதில்லை.