அம்மா தட்டில் அரை ரொட்டி

அம்மாவுக்கு இனி கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி: "அப்ப சனிக்கிழமை ரொட்டி?"

சிரிக்காதீர்கள். பஸ் பணிமனையில் இன்ஜின் பிரிக்கும் அப்பாவுக்கும், பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கும் அண்ணனுக்கும் சனிக்கிழமை மதியம் கனத்த ரொட்டியும் கறிக்குழம்பும் இல்லாவிட்டால் வாரமே முடியாது. சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடும் அம்மா அங்கேயே மயங்கி விழுந்தது இரண்டாவது செய்தி.

ரத்த அளவு ஏழுக்கு இறங்கியிருந்தது. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் அவள் குடலை அரிக்கிறதாம். ஒரு துணுக்குகூடக் கூடாதாம். அதை எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன்.

"டிகிரி சட்டம் போட்டாச்சு," என்றான் அண்ணன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு அந்தப் பெயர்.

அம்மாவுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் படித்தால் அதிலும் கோதுமை மாவு, தூக்கி எறிந்தேன். மூன்று மாதம் தனியாகச் சமைத்துப் போட்டேன். மறுபடி பரிசோதித்தால் அதே ஏழு. "வீட்ல ஒழுங்கா கவனிக்கலை போல," என்று டாக்டர் என்னைப் பார்த்தார். காது எரிந்தது.

"பாத்தியா? வியாதியுமில்ல, மண்ணுமில்ல," என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமைதான் கண்டுபிடித்தேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டியருகே அம்மா நின்றிருந்தாள். அண்ணன் கடித்து வைத்த ரொட்டி ஓரத்தால் அப்பா தட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"கத்தாதடி. ரெண்டு வாய் மிச்சம். குப்பையிலயா போடுறது?"

"உன் வயிறுதான் இந்த வீட்டுக் குப்பைத்தொட்டியா?"

அவள் தட்டைக் கழுவத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து பாதிச் சாப்பாடு அவளுக்கு அப்படித்தான். அவள் தட்டை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்? எல்லோர் தட்டையும் மாற்ற வேண்டும்.

கோதுமை மாவு டின்னைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். அப்பா வீட்டை ரெண்டாக்கினார்.

"ஒருத்திக்கு ஆகலைன்னா நாங்க எல்லாரும் பத்தியம் இருக்கணுமா?"

"இருபத்தாறு வருஷமா ஒருத்தி மிச்சம் தின்னாளே, அப்ப எங்க போச்சுப்பா இந்த நியாயம்?"

"வாய் ரொம்ப நீளுது. படிக்க வச்சது தப்பு."

"தப்புதான். இனிமே திருத்த முடியாது."

வாயால் ஜெயித்துவிட்டேன். நாக்கை ஜெயிக்க வேண்டுமே. முதல் வாரம் சோளமாவு ரொட்டி ஓடு மாதிரி உடைந்தது. "கூரையில போட்டா ஒழுகாது," என்றான் அண்ணன். அடுத்த வாரம் மாவில் கொதிதண்ணீர் ஊற்றிச் சூட்டோடு பிசைந்தேன். கை வெந்ததுதான் மிச்சம். மூன்றாம் வாரம் அவித்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, நசுக்கிய பூண்டும் எள்ளும் தடவி நெய்யில் சுட்டேன். ரொட்டி மடங்கியது, முறியவில்லை. குழம்புக்குக் கோதுமை மாவு கரைத்து விடுவது அம்மா வழக்கம். நான் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, வறுத்த நிலக்கடலையை அரைத்து விட்டேன். கரண்டியில் நின்றது.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் நான்கு ரொட்டி தின்றான். அவன் வாயை மூடியது எனக்கு இரண்டாவது பட்டம்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் ரத்த அளவு ஒன்பதரை. அந்தச் சீட்டையும் அடுப்புக்கு மேலே ஒட்டினேன். அன்றும் சனிக்கிழமைதான்.

"நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா..."

"அப்புறம் கிடையாது. உட்காரும்மா." அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தாள். சூடாக இரண்டு ரொட்டி வைத்தேன். இன்னொன்று வைத்தபோதும் தடுக்கவில்லை. அதில் பாதி தின்றாள். பழக்கத்தில் கை அப்பா தட்டில் கிடந்த துண்டை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"எனக்குப் போதும்," என்றாள். தன் தட்டை அப்பா பக்கம் தள்ளினாள். "என்னங்க, வீணாக்கக் கூடாது. சாப்பிட்டுருங்க."

எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

அந்த அரை ரொட்டியை அப்பா முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டை நான் எடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

நான் எடுக்கவில்லை.